படகுக் கொட்டகையில் அத்தை

காயேத்தா,
27 அக்டோபர் 2019

சில்வேரியோவுக்கு உன் அண்ணன் எராஸ்மோ எழுதிக்கொண்டது.

பெயருக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். போடவில்லை. நாற்பது வருஷம் பேசாமல் இருந்துவிட்டு முதல் வார்த்தையே அதுவாக இருந்தால் நீ சிரிப்பாய். கடிதத்துக்கு முன்பே உறையை எழுதிவிட்டேன். அதன் பின்பக்கம் பெரிய எழுத்தில் 'அத்தை கிடைத்துவிட்டாள்' என்று இருப்பதைப் பார்த்திருப்பாய். நீ பிரிக்காமலே திருப்பி அனுப்பினாலும் அந்த ஒரு வரியாவது உனக்குத் தெரிந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரி சிவிதா அதைப் பார்த்துவிட்டு, "தபால்காரன் நேரா போலீஸுக்குத்தான் போகப் போறான், கிழவி ஒருத்தியக் கடத்தி வச்சிருக்கீங்கன்னு" என்றாள்.

உன் முகவரியைக் கொடுத்ததும் அவள்தான். அவளும் உன் மனைவி நுன்சியாத்தாவும் இத்தனை வருஷமும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் என் முதுகுக்குப் பின்னால் வாழ்த்து அட்டையும், நடுநடுவே கடிதமும் அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். ஒரு காப்பி டப்பா நிறைய வைத்திருக்கிறாள். என் வீட்டில், என் அலமாரியில், நான் தினமும் கை விடுகிற சர்க்கரை டப்பாவுக்கு அடுத்து. நான் கோபித்துக்கொண்டேன். "நீங்க ஒருநாளாவது அந்த டப்பாவத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உனக்கு இந்த ஆகஸ்டில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள் என்பதை அந்த டப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முழங்கால் தவிர வேறு குறை இல்லை.

உனக்குக் கண் மங்கிவிட்டது, மகள்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுகிறாள் என்று அந்த அட்டைகளில் இருந்தது. அப்படியானால் உன் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. எதுவாக இருந்தாலும் பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளே, எங்கள் அப்பாவின் படகுக் கொட்டகை சாதாரணக் கொட்டகை அல்ல. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு ரோமானியப் பணக்காரன் கடலோரத்தில் கட்டிய மாளிகையின் ஓர் அறை அது. மேலே இருந்த மாளிகையெல்லாம் போய்விட்டது. வளைந்த கமான் கூரையோடு அந்த அறையும், எதிரே கடலுக்குள் அவன் மீன் வளர்த்த கல் தொட்டிகளும் மட்டும் மிஞ்சின. மழைக்கும் காற்றுக்கும் பயந்து எங்கள் தாத்தா படகை உள்ளே ஏற்றினார். அன்றிலிருந்து அது எங்கள் கொட்டகை. தரையில் மணலைத் தள்ளினால் சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த ஒரு கடல் விலாங்கு இருக்கும். ஓர் ஆள் நீளம். வாயைத் திறந்துகொண்டு, ஒற்றைச் சிவப்புக் கண்ணால் வருகிறவர்களை முறைக்கும். எங்கள் பிலோமெனா அத்தையும் அப்படித்தான் முறைப்பாள். அதனால் உங்கள் தாத்தாவும் நானும் சின்ன வயதில் அதற்கு 'அத்தை' என்று பெயர் வைத்தோம். படகை இறக்கும்போது, "அத்தை மேல மிதிக்காதடா, சாபம் விடுவா" என்று கத்திக்கொள்வோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படகுப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் புகாமல் சணல் திணித்துக் கீல் பூசுவது என் தொழில். ஆனால் அந்த விலாங்கு என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஃபோர்மியா சந்தையில் பழைய லத்தீன் இலக்கணம் ஒன்று வாங்கினேன். ரோமானியர் தரை போடுவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை கிழிந்துபோகும்வரை படித்தேன். நீ சிரிப்பாய், சில்வேரியோ. "அண்ணன் படகுக்கு லத்தீன்ல கீல் பூசப் போறான்" என்று துறை முழுக்கச் சொன்னவன்தானே நீ.

1979 மார்ச்சில் நேப்பிள்ஸ் வண்டி ஒன்றில் இரண்டு பேர் வந்தார்கள். மீன் தரகன் அத்திலியோதான் கூட்டிவந்தான். அத்தையைப் படம் பிடித்தார்கள். பேர்த்து எடுத்துக்கொள்கிறோம், கேட்டதைத் தருகிறோம் என்றார்கள். நாம் இரண்டு பேருமே முடியாது என்றோம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீதான் முதலில் சொன்னாய்.

ஏப்ரலில் நான் எட்டு நாள் வேலைக்குப் போன்சா தீவுக்குப் போனேன். திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தால் அத்தை இல்லை. அவள் இருந்த இடத்தில் இளஞ்சிவப்புச் சாந்து மொட்டையாகத் தெரிந்தது. என் புத்தகம் என்ன சொல்கிறது? பதித்த கற்களுக்கு அடியில் சுண்ணாம்பும் ஓட்டுத்தூளும் கலந்த சாந்துப் படுகை இருக்கும், அது இளஞ்சிவப்பாக இருக்கும் என்கிறது. ஆக, கற்களைப் பேர்த்துவிட்டார்கள், படுகை மட்டும் மிச்சம். என் படிப்பு எனக்கு அப்படிச் சொன்னது. உன் படகுக்குப் புது மோட்டார் வந்திருப்பதாகத் துறையில் சொன்னார்கள். அதற்கு எங்கிருந்து பணம் வந்தது என்று நான் கேட்கவில்லை.

நீ அப்போது மூன்று நாளாகக் கடலில் இருந்தாய். நீ கரைக்கு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் உன் பெயரில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு, "அவன்கிட்டக் கேட்டியாடா?" என்றாள். "கேக்க என்ன இருக்கு?" என்றேன். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவேயில்லை.

நீ துறையில் இறங்கும்போது இரண்டு போலீஸ்காரர்களோடு நின்றேன். ஊரே நின்றது. திருடன் என்றேன். நீ என்னைப் பார்த்தாய், போலீஸைப் பார்த்தாய், எனக்குப் பின்னால் யாரையோ பார்த்தாய். "அத்தை இருந்த இடத்துலதான் இருக்கா. கண்ணிருந்தா போய்ப் பாரு" என்றாய். அவ்வளவுதான். போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்திருந்தேன்! கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். அந்த வாரமே அந்த மொட்டை இடத்தின் மேல் முழங்கால் அளவு மணலைக் கொட்டி, அதன் மேல் படகை ஏற்றி நிறுத்தினேன். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆதாரம் இல்லை என்று உன்னை விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. ஆகஸ்டில் நீ கப்பல் ஏறினாய். அடுத்த வருஷம், கடலுக்கு அந்தப் பக்கம் நீ குடியேறிய மார் தெல் பிளாட்டாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் போட்டாய். அதைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். அது தடிமனான கடிதம். இப்போது அதன் தடிமன்தான் நினைவுக்கு வருகிறது.

இனி இந்த வருஷத்துக் கதை. போன வருஷம் அக்டோபர் கடைசியில் அடித்த தென்மேற்குக் காற்று கொட்டகையின் கடலோரச் சுவரைத் தள்ளிவிட்டது. அரசு அலுவலகத்துக்கு அந்த மாளிகையைப் பற்றி நான் முப்பத்தொரு கடிதம் போட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. சுவர் விழுந்த பிறகுதான், அதுவும் இந்தச் செப்டம்பரில், ஆள் அனுப்பினார்கள். லுதோவிக்கா என்று ஒரு பெண், ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவள், கூட நான்கு மாணவர்கள். நான் தினமும் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மீன் தொட்டிக்கு நீர் வரும் வழி தெற்கே என்றார்கள். இல்லை, மேற்கே, கோடை அலை அப்படித்தான் வரும் என்றேன். தோண்டினார்கள். மேற்கேதான். அதற்குப் பிறகு மாணவர்கள் என்னைப் பார்த்தால், "பேராசிரியர் வந்துட்டாரு, எல்லாரும் நேரா நில்லுங்கடா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சொல்லட்டும்.

மணலை அள்ளி அந்த மொட்டை இடத்துக்கு வந்தபோது நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "இங்க ஒரு விலாங்கு இருந்துச்சு. என் தம்பி வித்துட்டான்." நாற்பது வருஷமாக எவன் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். லுதோவிக்கா குனிந்து பார்த்தாள். முதலில் அவளும் ஏமாந்தாள். "ஆமா, அடிப்படுகைச் சாந்துதான். நிறம் அப்படியே இருக்கு" என்றாள். பிறகு ரசமட்டத்தை எடுத்துச் சுற்றியிருந்த கற்களுக்கும் சாந்துக்கும் குறுக்கே வைத்தாள். மறுபக்கமும் வைத்துப் பார்த்தாள்.

"பெரியவரே, கல்லப் பேத்து எடுத்தா அந்த இடம் பள்ளமாத்தானே இருக்கணும்?"

"ஆமா."

"இது மேடா இருக்கே. ரெண்டு விரல் மேடு."

வாழ்நாள் முழுக்கப் படகுப் பலகைக்கு ரசமட்டம் பிடித்தவன் நான். அதை ஒருநாள்கூட அங்கே வைத்துப் பார்க்கவில்லை. அவளிடம் ஒப்புக்கொள்வேனா? கடல் உப்பு ஊறிச் சாந்து உப்பியிருக்கும் என்றேன். நம் அப்பா ஏதாவது ஒட்டுப் போட்டிருப்பார் என்றேன். என் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு நாள் வாதாடினேன். "சரி பெரியவரே, புத்தகத்தையும் கேப்போம், தரையையும் கேப்போம்" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் ஓர் ஓரத்தில் மேல் பூச்சைச் சின்னக் கத்தியால் தட்டு தட்டாக எடுத்தாள்.

அடியில் இன்னொரு பூச்சு. அதன் மேல் கோடு கோடாகக் கீறல்கள். மேல் பூச்சு நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று ஈரத்திலேயே கீறிவிட்டது. அவள் குறிப்பேட்டை எடுத்து, எழுதுவதை வாய்விட்டுச் சொன்னாள்: "மூன்று பல் உள்ள கருவி. இரண்டு பல் சேர்ந்து, ஓர் இடைவெளி, பிறகு ஒரு பல்." மாணவன் ஒருவன் அப்படி ஒரு கருவியைப் பார்த்ததே இல்லையே என்றான்.

நான் பார்த்திருக்கிறேன், சில்வேரியோ. அப்பாவின் படகில் வலை இழுக்கும் உருளை உன் இடது கை மோதிர விரலைக் கொண்டுபோன அன்று, ரத்தத்தை என் சட்டையால் கட்டியவன் நான். சாப்பாடோ, சாந்துக் கரண்டியோ, எல்லாவற்றுக்கும் நீ இடது கை. நாற்காலியிலிருந்து எழுந்து போய் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்காது என்பதே மறந்துவிட்டது. என் கையை அந்தக் கோடுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். சுட்டு விரல் பொருந்தியது, நடு விரல் பொருந்தியது, மோதிர விரலுக்குக் கீழே கோடு இல்லை, சுண்டு விரல் பொருந்தியது.

"டாக்டரம்மா, அத அடிங்க. அது கருவி இல்ல. என் தம்பி கை" என்றேன்.

அவள் எழுதியதை அடித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மீதியைத் திறக்க ஆறு நாள் ஆயிற்று. கீழ்ப் பூச்சுக்கு அடியில் அப்பாவின் படகில் கட்டியிருந்த பழைய பாய்த்துணி. பைன் பட்டைச் சாயத்தில் தோய்த்த அதே பழுப்பு. மூலையில் நம் குடும்பத்து அடையாளமான சிவப்புக் கட்டம். சாந்து கல்லில் ஒட்டக்கூடாது என்று விரித்திருக்கிறாய். அந்தப் பாயைச் சுருட்டிச் சுருட்டி எடுத்தார்கள். அடியில் அத்தை. வாயைத் திறந்துகொண்டு, அதே சிவப்புக் கண்ணோடு, என்னையே முறைத்துக்கொண்டு. வால் பக்கம் இரண்டு கல் மட்டும் இல்லை, அதுவும் நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது போனவை. சிவிதா வந்து பார்த்துவிட்டு, "முறைக்கட்டும், நல்லா முறைக்கட்டும்" என்றாள். அத்தையைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

இப்போது எல்லாம் புரிகிறது. அந்த இரண்டு பேரும் திரும்ப வருவார்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அப்பா தண்ணீர்த் தொட்டிக்குக் குழைத்த மாதிரியே சுண்ணாம்பும் ஓட்டுத்தூளும் குழைத்து மூடினாய். அந்தக் காலத்து ரோமானியனும் அப்படித்தான் குழைத்தான். இந்தக் கரையில் பிறந்தவன் எவனும் வேறு மாதிரி குழைக்க மாட்டான். அதனால்தான் படித்த எனக்கு அது அவன் சாந்தாகத் தெரிந்தது. படிக்காதவன் எவனாவது பார்த்திருந்தால் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன புதுசா பூசியிருக்கு?" என்று கேட்டிருப்பான். அன்று துறையில் எனக்குப் பின்னால் நின்றது தரகன் அத்திலியோ. அவன் காதில் விழும்படி அதற்கு மேல் ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் ஒரே வாரத்தில் அத்தை போயிருப்பாள். மோட்டார் நுன்சியாத்தாவின் வளையலை விற்ற பணத்தில் வந்தது. அதையும் இந்த வாரம்தான் சிவிதா சொன்னாள். "இத்தன வருஷம் ஏன் சொல்லல?" என்று கத்தினேன். "கேட்டீங்களா?" என்றாள்.

அதற்காக எல்லாத் தவறும் என் மேல் என்று ஒப்புக்கொள்வேன் என்று நினைக்காதே. அன்று ராத்திரி என் கதவைத் தட்டியிருக்கலாம். நான் திறந்திருக்க மாட்டேன், சரி. உடைத்திருக்கலாம். அம்மாவின் அடக்கத்துக்கு நீ வரவில்லை. வராதே என்று நான் ஆள் மூலம் சொல்லி அனுப்பியது உண்மைதான். ஆனால் பிறந்ததிலிருந்து நான் சொன்னதை ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? அன்றைக்கு மட்டும் ஏன் கேட்டாய்?

போன செவ்வாய்க்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போனேன். தெற்கே கலாப்ரியா பக்கத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். 1979-ல் கொடுத்த புகார் தப்பு, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு, பெரியவரே. அந்தக் காகிதமே இருக்குமோ என்னமோ."

"காலாவதி வேற, தப்பு வேற. தப்புன்னு எழுதுங்க."

"யாரு பண்ண தப்புன்னு எழுதறது?"

"எராஸ்மோ பண்ண தப்பு. அப்பா பேரு, பொறந்த தேதி எல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க."

அப்படி எழுத ஒரு படிவம் இல்லை என்றான். படிவம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு அவனுடைய மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டரைக்குச் சிவிதா கணவாய் மீன் அடைத்துச் சுட்ட தியெல்லா அப்பம் கொண்டுவந்தாள், எனக்கு ஒரு துண்டு, அந்தப் பையனுக்கு ஒரு துண்டு. ஒன்றேகாலுக்கு மேலதிகாரியே வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். 'சில்வேரியோ மீது அவருடைய அண்ணன் கொடுத்த புகார் முழுக்கப் பொய்யானது என்று அண்ணனே தெரிவிக்கிறார்' என்று இருக்கிறது. 'தவறானது' என்றுதான் முதலில் எழுதியிருந்தார். நான்தான் மாற்றச் சொன்னேன். அதன் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உன் மகளிடம் சொல், இதை முதலில் வாசிக்கட்டும்.

அங்கிருந்து நேராகத் துறைக்குப் போனேன். அன்று நின்றவர்களில் ஐந்தாறு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்று சொன்னேன். காது கேட்காத வின்சென்சோவுக்காக மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன், "அவன் எடுக்கலன்னு எங்களுக்கு அப்பவே தெரியுமேடா. நீதான் யாரையும் பேச விடல" என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு தியெல்லா முழுவதையும் நானே சாப்பிட்டேன். இந்த ஒரு வாரமாகப் படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது. சிவிதா பயந்துபோய் மூச்சு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். என் தம்பி திருடன் இல்லை. இதை எழுதும்போதே நெஞ்சு லேசாகிறது. பெரிய சுமையை நான் சுமந்தேன் என்று சொல்லவில்லை. சுமந்தவன் நீ. நான் அதைத் தூக்கி உன் மேல் வைத்தவன்.

லுதோவிக்காவின் அறிக்கையில் உன் பெயர் வருகிறது. 'உள்ளூர் மீனவர் ஒருவர் மூடிப் பாதுகாத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தாள். பெயர் போடாவிட்டால் கொட்டகைச் சாவியைத் தர மாட்டேன் என்றேன். "சுவரே இல்லையே பெரியவரே, சாவி எதுக்கு?" என்றாள். ஆனால் பெயரைப் போட்டுவிட்டாள்.

நவம்பர் இருபதாம் தேதி அத்தையைத் துணி விரித்து மணலால் மறுபடியும் மூடுகிறார்கள். குளிர்காலத்து உப்புக் காற்றுக்கு அதுதான் நல்லதாம். நீ செய்ததைத்தான் இவர்களும் செய்கிறார்கள், பட்டம் வாங்கிவிட்டு. ஏப்ரலில் திறப்பார்கள். உன் டாக்டர் மார்ச் வரை விமானம் கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சிவிதா சொன்னாள். ஆகவே அவசரமில்லை. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. காற்றில் துறைக்குப் போய் நிற்காதே. உப்பைக் குறை. உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடலும் காற்றும் நல்லபடியாக இருக்கட்டும். நுன்சியாத்தாவிடம் அந்த வளையல் பற்றி எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்.

ஏப்ரலில் மணலை எடுக்கும்போது முதல் வாளியை யார் அள்ளுவது என்று லுதோவிக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். என் தம்பி வருவான், அவன்தான் அள்ளுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி இந்த ஊருக்கு முன்னால் நான் ஒரு தடவை பொய் சொல்லியாகிவிட்டது, சில்வேரியோ. இதையும் பொய்யாக்கிவிடாதே.

உன் அண்ணன்,
எராஸ்மோ